வெறுந்தொட்டில்

செவ்வாய், ஈப்போ, மலேசியா.

வெயில் தாளாமல், பழைய ஈயச் சுரங்க முதலாளி ஒருவரின் வீட்டு மியூசியத்துக்குள் அக்காவும் நானும் ஒதுங்கினோம். என் முதுகுப் பையையும் அவளே சுமந்து வந்தாள்.

படுக்கையறையில் இருந்த மரத்தொட்டிலை வழிகாட்டி ஆட்டிக் காட்டினார். அக்கா பிடித்து நிறுத்தினாள்.

"வெறுந்தொட்டில ஆட்டாதீங்க அண்ணே."

"தொடாதீங்க லா அக்கா. மியூசியம் சாமான்."

அவள் கையை எடுக்கவில்லை. போன வருடம், பிறந்த அன்றே இறந்துபோன அவள் குழந்தைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"தங்கச்சி மாசமா இருக்கா," என்றாள் அவரிடம்.

நான் அவளிடம் இன்னும் சொல்லவே இல்லை. சொல்ல வாய் வரவில்லை.

விடுதியில், மேல் கட்டிலுக்கு ஏறப்போன என்னைத் தடுத்து, அவளே ஏறிப் படுத்துக்கொண்டாள். வெகுநேரம் மேல் கட்டில் கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தது. அவளும் தூங்கவில்லை.