அவள் விட்டுவைத்த வேர்

பழைய நண்பனுக்கு,

ஒரு மாதமாக வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

அந்த மலைப்பூவைக் கண்டுபிடித்ததற்காகப் போன மாதம் உனக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். நான் வரவில்லை. இத்தனை வருஷம் தொடத் துணியாத ஒன்றை, தாவரக் காப்பகத்தில் அந்தப் பூச்செடியை உலர்த்தி ஒட்டிய தாளை, அன்று எடுத்துப் பார்த்தேன். சேகரித்தவர் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. செடியில் வேர் இல்லை.

நீ எந்தச் செடியை வேர் இல்லாமல் கொண்டுவந்திருக்கிறாய்? "அண்ணே, வேரோட பிடுங்க இது என்ன கீரையா?" என்று என் மனைவி உன்னைக் கேலி செய்வாள்.

"வேர் இல்லாம கொண்டுபோனா எவன் மதிப்பான், தங்கச்சி?" என்பாய்.

அவள் தண்டை மட்டுமே வெட்டுவாள். அடுத்த வருஷமும் பூக்கட்டும் என்பாள்.

அந்தப் பூவைத் தேடி உன்னோடு ஏறியவள் பாறையிலிருந்து விழுந்து செத்தாள். பூவைக் காணும் முன்பே விழுந்துவிட்டாள் என்று என்னிடம் சொன்னாய். அதை நம்பி, பார்க்காமலே போய்விட்டாளே என்று அந்தத் தாளைப் பார்க்கும்வரை அழுதிருக்கிறேன்.

தாளைப் பார்த்த மறுநாளே முட்டிவலியோடு மலை ஏறினேன். அவள் விழுந்த பாறையின் இடுக்கில் அந்தச் செடி நீலமாகப் பூத்திருந்தது. பறிக்கவில்லை. இருட்டும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தாளில் அவள் பெயரை எழுது. உன்னிடம் வேறெதுவும் கேட்கமாட்டேன்.

அவள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நீ அதைப் போடவில்லை. நானும் இங்கே என் பெயரைப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன். எழுதியது யாரென்று உனக்குத் தெரியும்.