சிரிக்கிற முகத்தில் மாட்டிய கிளிப்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நலம், அங்கே நலமா என்று இத்தனை வருஷம் எழுதிப் பழகிய கை இன்றைக்கு அதை எழுத மாட்டேன் என்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டாலே முணுமுணுக்கிறது, உன் அக்கா வாரா வாரம் வந்து வீட்டை அலசிவிட்டு என்னையும் நாலு திட்டு திட்டிவிட்டுப் போகிறாள். மனசுதான் சரியில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு தப்பு செய்துவிட்டேன், முப்பத்தொரு வருஷ சர்வீஸில் இதுதான் முதல் தடவை என்று சொல்ல ஆசை, ஆனால் இதே தப்பை முன்னாலும் ஒருமுறை செய்திருக்கிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பிள்ளைகளின் மனசைக் கவனிப்பது எப்படி என்று ஒரு பயிற்சிக்குப் போய்வந்தேன் இல்லையா, அங்கே சொன்னபடி என் இரண்டாம் வகுப்புக் கதவோரம் ஒரு அட்டை மாட்டினேன். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் என்று மூன்று. காலையில் வருகிற பிள்ளை தன் பேர் எழுதிய, துணி காயப்போடும் கிளிப்பை அன்றைக்கு மனசு எப்படியோ அந்த முகத்தில் மாட்ட வேண்டும், எனக்கும் ஒரு கிளிப் உண்டு. அதோடு விட்டிருந்தால் நல்ல காரியம். நான்தான் கை சும்மா இருக்காமல் அதற்கு ஒரு வால் ஒட்டினேன், எந்த வரிசையில் எல்லாரும் சிரிக்கிற முகமோ அந்த வரிசைக்குத்தான் விளையாட்டு நேரத்தில் பந்து என்று. பிள்ளைகள் சந்தோஷமாக வரட்டும் என்று நினைத்தேன், பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. இரண்டே வாரத்தில் அத்தனை கிளிப்பும் சிரித்தது. தலைமையாசிரியர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார், நானும் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

என் வகுப்பில் ஒருத்தி, வாயாடி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், தூக்கத்திலும் பேசுவாள் என்று அவள் அம்மா சொல்வாள். அவளுக்குத் தங்கச்சிப் பாப்பா பிறந்து பன்னிரண்டாம் நாள் தவறிப்போனது. நாலு நாள் கழித்து வந்தவள் நேராகப் போய் சிரிக்கிற முகத்தில் கிளிப்பை மாட்டினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, பாருங்கள் எவ்வளவு தைரியசாலி என்று எல்லாரையும் கைதட்டச் சொன்னேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. மூன்று வாரம் போயிற்று. ஒரு மத்தியானம் பெருக்க வந்த ஆயாம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, டீச்சர், அந்தப் பொண்ணு பை வைக்கிற அலமாரிக்குப் பின்னால உக்காந்திருக்கு, கையெல்லாம் பல்லுத் தடம், தன் கையைத் தானே கடிச்சிருக்கு என்றாள். ஓடினேன். ஏன்டா கண்ணு என்று கேட்டதற்கு, சத்தம் வரக்கூடாதுன்னுதான் டீச்சர், நான் அழுதா கிளிப்பை மாத்தணுமே, அப்புறம் எங்க வரிசைக்குப் பந்து கிடைக்காதே என்றாள். ஏழு வயசு. அவள் அம்மாவை வரவழைத்துச் சொன்னேன், வீட்லயும் அவ அழவே இல்ல டீச்சர், சின்னப் புள்ள, ஒண்ணும் புரியலன்னு நெனச்சிட்டேன் என்று பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து அவள் தேம்பினாள்.

மறுநாள் பந்து எல்லாருக்கும் உண்டு, தப்பு டீச்சர் மேல்தான் என்று வகுப்பில் சொல்லிவிட்டு என் கிளிப்பை எடுத்து அழுகிற முகத்தில் மாட்டினேன். வாயாடி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்த் தன் கிளிப்பையும் அதற்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு என் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு அழுதாள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கணக்கு நடத்தினேன், பாடவேளை முழுக்க என் கால் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மனநல ஆலோசகர் ஒருவர் வந்து அவளோடு உட்கார்கிறார், படம் வரைகிறாள், பழைய வாய் இன்னும் திரும்பவில்லை.

அன்றைக்கு அந்தக் கால் விரலில்தான் எனக்கு உன் ஞாபகம் வந்தது. அப்பா தவறிப்போனபோது நீயும் இரண்டாம் வகுப்பு, அதுவும் என் வகுப்பு, பள்ளிக்கூடத்தில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று வைத்திருந்தேன். திரும்பப் பள்ளிக்கூடம் போன காலையில் உனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே, நீ அழுதா அம்மாவால தாங்க முடியாது ராசா என்றேன். நீ அழவே இல்லை. அந்த மாசப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கினாய், நானும் ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்தேன். இப்போது மருமகள் உன்னை விட்டுப் போய் நாலு மாசம் ஆகிறது என்று அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. நீயோ ஒவ்வொரு ஞாயிறும் நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா என்கிறாய். கோபித்து எழுதவில்லையடா, உன்னை அப்படிப் பழக்கியவளே நான்தான். யார் மேல் தப்பு என்று கேட்கவும் மாட்டேன், அவள் போன் பண்ணினால் அவளோடும் பேசுவேன். நேரத்துக்குச் சாப்பிடு, வேலையிலேயே விழுந்து கிடக்காதே.

ஒரு குறையும் இல்லாமல் இரு என்று வாழ்த்தப் பேனா ஓடவில்லை. குறை வருகிற நாளில் சொல்லி அழ உனக்கு எப்போதும் ஓர் ஆள் இருக்கட்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. பேச வரவில்லையென்றால் பேசாதே, அழு, நான் போனை வைக்க மாட்டேன். அன்றைக்குப் பொத்தான் போடும்போது சொன்னது பொய் ராசா, பயத்தில் சொன்னது. நான் தாங்குவேன்.

உன் அம்மா