பன்னிரண்டாவது பெயர்

அண்ணே,

உங்கள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை இன்று காலை என் வீட்டுச் சுவரிலும் ஒட்டிவிட்டுப் போனார்கள். மைதாப் பசையின் புளித்த வாடை சன்னல் வழியே உள்ளே வந்தது. சங்கத்துக்காக நாம் சுவர் சுவராக ஒட்டித் திரிந்த காலத்தில், தோல் கம்பெனியின் வாடையையும் மீறி நம் கைகளில் நின்ற வாடை அது.

மத்தியானம் உங்கள் கட்சிக்காரர் ஒருவர் வந்தார். நினைவு மலருக்கு, அன்றைய தோல் கம்பெனி வேலைநிறுத்தத்தில் நீக்கப்பட்டவர்களின் பட்டியல் வேண்டுமாம். "உங்களுக்குத்தான் சார் எல்லாம் தெரியும்" என்றார். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவர்கள் அச்சிட மாட்டார்கள்.

பன்னிரண்டு பேரை நீக்கியிருந்தார்கள். தினமும் காலையில் கேட் முன்னால் நின்று, நான் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசிப்பீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் "உள்ளே விடு" என்று குரல் கொடுக்கும். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், பாதியில் முடித்துக்கொள்ளலாம் என்றேன். "ஒரு பேர் வுட்டாலும் அது லிஸ்ட்டே இல்லப்பா" என்று நனைந்துகொண்டே முடித்தீர்கள். கடைசிப் பெயர் என்னுடையது.

ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் பதினொரு பெயர்களை வாசித்துவிட்டுத் தாளை மடித்தீர்கள். நான் டிபன் டப்பாவோடு நின்றுகொண்டே இருந்தேன். ஒருவனையாவது வெளியே வைத்தால்தான் மற்றவர்களைச் சேர்ப்பேன் என்றாராம் முதலாளி. அந்த ஒருவன் யார் என்று முடிவு செய்தது நீங்கள். "நீ படிச்சவன். எங்க போனாலும் பொழச்சிக்குவ" என்று தோளைத் தட்டினீர்கள். ஆம்பூர் முதல் ராணிப்பேட்டை வரை ஒரு தோல் கம்பெனியின் கேட்டும் எனக்குத் திறக்கவில்லை.

உள்ளே போன பதினொரு பேரும் ஊர் ஊராக உங்கள் புகழ் பாடினார்கள். சட்டசபைக்குப் போனீர்கள். தொழிலாளியைக் கைவிட்ட அரசு என்று எதிர்க்கட்சி வரிசையிலிருந்து நீங்கள் முழங்கியதை, குடியாத்தத்தில் டியூஷன் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து செய்தித்தாளில் படித்தேன். அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்தீர்கள். "இன்னாப்பா, வாத்தியாராய்ட்ட. நான் அப்பவே சொல்லல?" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். கூட்டமும் சிரித்தது. பெயரை விட்டதைக்கூட ஒருநாள் மறந்திருப்பேன். அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை.

இப்போதும் ஆஸ்பத்திரியிலோ ரேஷன் கடையிலோ யாராவது பெயர்களை வாசித்தால், கடைசிப் பெயர் வரும்வரை என்னால் உட்கார முடிவதில்லை.

பட்டியலை எழுதி வைத்துவிட்டேன். பன்னிரண்டு பெயர்கள், அன்று இருந்த அதே வரிசையில். தாளின் தலையில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ஒரு பெயர் விட்டாலும் இது பட்டியல் இல்லை.

சொன்னவர் யார் என்று எழுதவில்லை.