செம்மண் படாத சக்கரம்

மார்ச் 6, வெள்ளி

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சைக்கிள் பயணத்தில் தங்கைக்கு நான்தான் வழிகாட்டி. அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளையின் மலைச் சைக்கிளை அவளே துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறாள். மலைப்பாதையில் விழுந்து அவர் போய் ஒரு வருடம். இந்தச் சுற்றுவட்டாரப் பாதையெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆட்டுக்கு வழி தப்பினாலும் என்னிடம்தான் கேட்கும் என்றேன். தங்கை மகள் சிரித்தாள். "மாமா சொல்றதுல முக்கால்வாசிய தள்ளிரணும்மா."

தங்கை சிரிக்கவில்லை. "அவர் விழுந்த இடத்த காட்டுண்ணா. போதும்."

மார்ச் 7, சனி

ஏரியைச் சுற்றிய தார்ப்பாதை. பன்னிரண்டு கிலோமீட்டர். சரி, எட்டு. கிழவர்கள்கூட மணியடித்துத் தாண்டிப் போனார்கள். நான் வேண்டுமென்றேதான் மெதுவாகப் போனேன்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் வழக்கம்போலக் கேட்டாள்: "கடைசியா என்ன சொன்னாரு?"

வழக்கம்போலச் சொன்னேன். என் மடியில் தலை, "அவள பாத்துக்கங்க மச்சான்." இந்தத் தடவை கையைப் பிடித்ததையும் சேர்த்துக்கொண்டேன்.

நாளைக்கு முட்டிவலி என்று சொல்லிவிடலாமா?

மார்ச் 8, ஞாயிறு

முட்டிவலி எடுபடவில்லை.

ஓடை வரைக்கும் சரளைக்கல். அதற்கப்புறம் செம்மண் சரிவு, வேரும் பாறையுமாக. என் கால் ஊன்றி நின்றுவிட்டது. போன வருடமும் இங்கேதான் நின்றது. தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நீங்க முன்னால போங்க மாப்ள, டயர்ல காத்து கம்மி"ன்னேன். காத்து நல்லாத்தான் இருந்துச்சு. பயம். இங்கயே உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டு இருந்தேன். யாரோ ரெண்டு பேர் அவரத் தூக்கிட்டு வந்தாங்க. மடியில தல வச்சது நெஜம் — ஆஸ்பத்திரி வண்டியில. அப்ப மூச்சே இல்ல.

தங்கை என் சக்கரத்தையே பார்த்தாள். "அன்னிக்கு ரெண்டு சைக்கிளும் நம்ம வாசல்லதான் கெடந்துச்சு. அவரோடது பூரா செம்மண். உன்னோடதுல ஒரு பொட்டு இல்ல."

அவளுக்கு ஒரு வருஷமா தெரிஞ்சிருக்கு!

"அப்புறம் ஏன் கேட்டுக்கிட்டே இருந்த?"

"வேற யாருண்ணா எனக்குச் சொல்லுவா?"

சைக்கிளை உருட்டிக்கொண்டு அவள் முன்னால் இறங்கினாள். நானும் உருட்டினேன். எந்தப் பாறை என்று இருவருக்கும் தெரியாது. ஏதோ ஒன்றின் மேல் உட்கார்ந்து அழுதோம்.

மார்ச் 9, திங்கள்

சக்கரத்தைக் கழுவவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தையல்காரம்மா துக்கம் கேட்டார். தங்கை சொன்னாள்: "அண்ணன் மடியிலதான் போனாரு. கையப் பிடிச்சுக்கிட்டு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் ஒன்றும் சேர்க்கவில்லை.