அக்காவுக்கும் ஓட வராது

14-7-2004, புதன்

இதையெல்லாம் எழுதி மையை வீணாக்குவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடமும் சொல்ல முடியவில்லை, சிரிப்பும் அடங்கவில்லை.

சின்னக் குழந்தைகள் ஏன் குண்டாகிறார்கள், எவ்வளவு ஓடியாடுகிறார்கள் என்பது என்னை வேலைக்கு வைத்திருக்கும் மேடத்தின் ஆராய்ச்சி. இருங்காட்டுக்கோட்டை நர்சரியில் உட்கார்ந்து அதைப் பார்த்து எழுதுவது என் வேலை. பேசக் கூடாது, சேர்ந்து விளையாடவும் கூடாது. எனக்குப் பொருத்தமான வேலைதான்.

நிவேதாவுக்கு நாலு வயது. வகுப்பிலேயே குண்டு. பிஸ்கெட்டோடு ஓரமாக நிற்பாள். இன்று வந்து என் முதுகில் ஓர் அடி வைத்து, "அக்கா, நீ அவுட்டு. என்னப் புடி" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் மற்ற பிள்ளைகளிடம் திரும்பி, "அக்காவுக்கும் என்ன மாரியே ஓட வராது" என்றாள்.

பெரியவளான பிறகு நான் ஓடியதே இல்லை. பஸ்ஸைக்கூட விட்டுவிடுவேன். இன்று எழுந்து ஓடினேன். செருப்பு எங்கோ போய் விழுந்தது. நிவேதா கூச்சலிட்டுக்கொண்டு பின்பக்கக் காலியிடம் முழுக்க ஓடினாள், பிடிக்கவே முடியவில்லை.

ஆயாம்மா கதவருகில் நின்று, "இன்னாம்மா, எழுத வந்த பொண்ணு குதிச்சிகினு கீற?" என்றாள்.

இன்றைய பதிவு செல்லாது. நாளை மேடத்திடம் சொல்லித்தான் ஆக வேண்டும். என் இடத்தில் வேறு பெண்ணை வேலைக்கு வைத்துக்கொண்டால் வீட்டில் என்ன சொல்வேன்? அப்பா திட்ட மாட்டார். அதுதான் கஷ்டம்.

ஆனாலும் பேச வாய் வந்தால் ஒன்று கேட்க வேண்டும். மேடம், ஆராய்ச்சி முடிந்த பிறகாவது, அந்தப் பிள்ளைகளோடு விளையாட என்னை அனுப்புவீர்களா?