எங்கள் தெருவிலும் திருட்டுப் போகிறது

அக்கா,

இன்று காலை திருப்பத்தூர்ச் சந்தைச் சாலையில் ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டி ஒன்று என்னைக் கடந்து போனது. காய்ந்த பட்டையின் துவர்ப்பு வாடை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். நீ ஆம்பூர் போலீஸ் டாணாவுக்குள் முதன்முதலாக நுழைந்தபோது உன் புடவையிலிருந்து வந்தது இதே வாடைதான். தோல் பதனிடப் பட்டை இடித்துக்கொண்டிருந்தவள், பாதி வேலையில் எழுந்து வந்திருந்தாய். நீ போய்ச் சேர்ந்த செய்தியை உன் தம்பி மாரி வந்து சொன்னதிலிருந்தே உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன். எங்கே தொடங்குவது என்பதை அந்த வண்டி சொல்லிவிட்டுப் போனது.

அப்போது நான் அந்த டாணாவில் ரைட்டர். வருகிற புகார்களை எழுதுவது என் வேலை. கடைத்தெருக்காரர்கள் செருப்பு காணோம் என்றால்கூட வந்து எழுதிவைப்பார்கள். ஆற்றங்கரையில் இருக்கும் உங்கள் தெருவிலிருந்து ஒரு புகாரும் வந்ததில்லை. ஆனால் தோல் கிடங்கில் ஒரு கட்டுத் தோல் குறைந்தால் கான்ஸ்டபிள்கள் நேராகப் போவது உங்கள் தெருவுக்குத்தான். "திருட்டுப் போறது கடைத்தெருவுல, திருடன் இருக்கிறது ஆத்தங்கரையில" என்று இன்ஸ்பெக்டர் வாய்ப்பாடு மாதிரி சொல்வார். அதைத் தப்பென்று சொல்ல அங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த முறை தோல் காணாமல் போனதும் மாரியைப் பிடித்து வந்தார்கள். அவனுக்காகக் கெஞ்சத்தான் நீ வந்திருக்கிறாய் என்று எல்லோரும் நினைத்தோம்.

"இன்னாம்மா, தம்பிய வுடச் சொல்லி அழ வந்தியா?" என்று வாசலில் நின்ற கான்ஸ்டபிள் கேட்டார்.

"இல்லீங்க. எங்க வூட்ல திருட்டுப் போச்சு. எழுதிக் குடுக்க வந்தேன்."

அவர் சிரித்துவிட்டார். "உங்க தெருவுல திருட்டா? அங்க திருட இன்னா இருக்குது?"

"எங்க வூட்லயும் சோறு ஆக்கறோங்க. குடம் இருக்குது, தவலை இருக்குது, ஆடு இருக்குது. அதுவும் காணாமதான் போவுது."

உன்னை உள்ளே வரச் சொன்னேன். இத்தனை நாளாக ஏன் யாரும் வரவில்லை என்று கேட்டேன். "வந்தவனப் புடிச்சி உக்கார வெச்சிக்கினா அன்னிக்குக் கூலி போவும். அப்புறம் முதுகுத் தோலும் போவும். யாருங்க வருவாங்க?" என்றாய். குரலில் அழுகையும் இல்லை, சண்டையும் இல்லை. காணாமல் போனது உன் கல்யாணத்துக்கு உன் அப்பா வாங்கிக் கொடுத்த பித்தளைக் குடம். கழுத்தில் உன் பெயர் வெட்டியிருக்கும். நீ சொல்லச் சொல்ல எழுதினேன்.

உன்னை யாரும் பிடித்து உட்கார வைக்கவில்லை என்று தெரிந்ததும் உன் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஒருத்திக்கு ஆடு, ஒருத்திக்குத் தவலை, ஒருத்திக்குக் குழந்தையின் வெள்ளிக் கொலுசு. இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆத்தங்கரையில குற்றம் ஜாஸ்தியாயிடுச்சுய்யா. வேலூர்லேர்ந்து துரை கேட்டா நான் இன்னா சொல்றது? அந்தத் தெரு ஆம்பளைங்க எல்லாரையும் தினம் சாயங்காலம் இங்க வந்து நிக்கச் சொல்லு."

"குற்றம் ஏறலைங்க ஐயா. புகார்தான் ஏறியிருக்குது. முன்னாடியும் போய்க்கினுதான் இருந்துச்சு. நம்மகிட்ட யாரும் சொல்லல" என்றேன். அவர் கடுமையானவர், கெட்டவர் அல்ல. என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, "சரி, அப்ப எடுக்கிறவன் யாரு? அதைச் சொல்லு" என்றார்.

அதைச் சொன்னது நீதான். வீடு வீடாகப் போய் எந்தப் பொருள் எப்போது போனது என்று கேட்டுக்கொண்டு மறுபடி வந்தாய். இன்ஸ்பெக்டருக்கு எதிரிலேயே நின்று சொன்னாய்: "கிடங்குல தோலு போன அன்னிக்கெல்லாம் எங்க ஜாமானும் போயிருக்குது. அந்த நேரத்துக்கு எங்க ஆளுங்க தோலு ஊறப்போடற சுண்ணாம்புக் குழியில நின்னுக்கினு இருந்தாங்க. மாரியும் அங்கதான். மேஸ்திரியக் கேளுங்க. தெருவுல ஆளே இல்லாதப்ப உள்ள வந்து போறது பட்டை வண்டி ஒண்ணுதாங்க."

கிடங்கில் பட்டையை இறக்கிவிட்டு, வெறும் வண்டியாக உங்கள் தெரு வழியாகப் பேரணாம்பட்டுச் சாலைக்குப் போகும் வண்டி அது. அடுத்த முறை வந்தபோது நல்ல வெயிலில் அதை மறித்தோம். காலிச் சாக்குகளுக்கு அடியில் தோல் கட்டும் இருந்தது. உன் பக்கத்து வீட்டுத் தவலையும் இருந்தது. வண்டிக்காரன் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். வண்டியின் சொந்தக்காரர் கடைத்தெருத் தரகர் ஒருவர். திருட்டு ஜாஸ்தியாகிவிட்டது என்று டாணாவுக்கு வந்து எல்லோரையும்விடச் சத்தம் போட்டவர் அவர்தான்.

அன்றே மாரி வீட்டுக்கு வந்தான். உன் குடத்தைப் பேரணாம்பட்டில் ஒரு பாத்திரக்கடையிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தேன். கழுத்தில் பெயரை அரத்தால் ராவியிருந்தார்கள். தடவிப் பார்த்துவிட்டு, "பேரு போனா இன்னா, நான் இருக்கறேனே" என்று சிரித்தாய்.

ஆனால் உன்னை அவர்கள் சும்மா விடவில்லை. தோல் கிடங்கு மேஸ்திரி தரகருக்கு வேண்டியவர். போலீசுக்குப் போகிறவளுக்கு இங்கே வேலை இல்லை என்று உன்னை நிறுத்திவிட்டார். கேள்விப்பட்டு உன் வீட்டுக்கு வந்தபோது நீ வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாய். நீதான் முதலில் பேசினாய்: "இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு நிக்கற, தம்பி? என் காலால நடந்து நானேதான் வந்தேன். மறுபடி போச்சுன்னா மறுபடியும் வருவேன்." அதுவரை நான் உனக்கு ரைட்டர் ஐயா. அன்றுதான் தம்பி ஆனேன். நீ எனக்கு அக்கா ஆனாய்.

சொன்னபடியே வந்தாய். உனக்காக அல்ல, மற்றவர்களுக்காக. தனியாக வரப் பயந்த பெண்களின் கையைப் பிடித்துக் கூட்டி வருவாய். அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய், அடுத்து வந்தவரும் அதே பழைய வாய்ப்பாட்டைத்தான் சொன்னார். அதற்குள் உங்கள் தெருவுக்கு டாணாவுக்கு வரும் வழி பழகிவிட்டது.

நானும் பல இடம் மாறினேன். போகிற இடத்திலெல்லாம் புகார் அதிகமாக வரும் தெருவைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். புகாரே வராத தெரு எது என்று நான் கேட்பேன். ஆலங்காயத்தில் கேட்டபோது, மலையடிவாரத்தில் ஒரு சிற்றூரைச் சொன்னார்கள். "ரொம்ப சாது ஜனங்க. ஒரு தகராறும் கிடையாது" என்றார் அங்கிருந்த கான்ஸ்டபிள்.

மறுநாள் காலையில் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். ஒரு பெரியவர் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்லி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பெரியவரே, உங்க ஊர்ல இன்னா காணாம போச்சு?" என்று கேட்டேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வீடுகளைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "எல்லாரும் வெளிய வாங்க. நம்மளக் கேக்கறதுக்கு ஒருத்தர் வந்திருக்காரு."