இஸ்திரி இரைச்சலில் பேசுகிறவர்கள்

மார்ச் 3

அன்புள்ள ஆராய்ச்சிக்காரிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். உன் அண்ணன் மட்டும் வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

நீ அனுப்பிய ஆய்வேட்டு அத்தியாயத்தை எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். "இருபத்திரண்டு பெண்களும் பணியில் மனநிறைவோடு உள்ளனர்" என்ற இடம் வந்ததும் மடிப்பு மேசைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "அடி ஆத்தாடி, நம்மளையா சொல்றா?" என்றாள்.

எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்டாயே, அது சூப்பர்வைசர் அறை. அங்கே உட்கார்ந்துதான் நாங்கள் மன்னிப்புக் கடிதம் எழுதுவோம். அந்த நாற்காலியில் யார் வாய் திறப்பார்கள்? நானும் பொய்தான் சொன்னேன். இஸ்திரி மெஷின் இரைகிற இடத்தில்தான் உண்மை பேசுவோம். அங்கே யாராலும் ஒட்டுக்கேட்க முடியாது.

அண்ணி

மார்ச் 9

அன்பு அண்ணிக்கு,

மற்றவர்கள் சரி, நீங்களுமா? படித்ததும் அழுதுவிட்டேன். அந்த இரைச்சலில் ரெக்கார்டரில் ஒன்றும் பதியாது, அதனால்தான் அந்த அறை. முப்பதாம் தேதி சமர்ப்பிக்க வேண்டும். பேராசிரியர் "பிரமாதம்" என்று கையெழுத்தே போட்டுவிட்டார். தயவுசெய்து இதை இப்படியே விட்டுவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 14

கண்ணு,

பொய் சொன்னதற்கு வேண்டுமானால் என் காதைத் திருகிக்கொள். ஆனால் விட முடியாது. நீராவியில் மூன்று பேர் மயங்கி விழுந்தபின் விசிறி கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். நான் வாசித்தது மேனேஜர் காதுக்கும் போய்விட்டது. "உங்க வீட்டுப் பொண்ணே எழுதியிருக்காளாமே, எல்லாரும் சந்தோஷம்னு! அப்புறம் எதுக்கு மனு?" என்கிறார்.

ஆராய்ச்சியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று உன் ஒப்புதல் தாளில் நீயேதான் போட்டிருக்கிறாய். இருபத்திரண்டு பேரும் விலகுகிறோம். கையெழுத்துகள் இத்துடன். உன்மேல் கோபமில்லை, வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

மார்ச் 20

அன்பு அண்ணிக்கு,

அத்தியாயத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். "சலவைக்காரிங்க பேச்சைக் கேட்டு ஒரு வருஷத்தை வீணாக்குவியா?" என்று பேராசிரியர் குதித்தார். "அவங்களைப் பொய் சொல்ல வச்சதே நான்தான் சார். எங்கே உட்கார வச்சுக் கேட்கிறோம்ங்கிறதும் ஆராய்ச்சிதான்" என்றேன்.

எல்லோரும் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்ற என் முடிவு தவறு என்று மேனேஜருக்கும் எழுதிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது, மனுவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை முதல் மடிப்பு மேசையில் நானும் தினக்கூலி. ரெக்கார்டர் கிடையாது. பிறகு எதை எழுதினாலும் நீங்கள் எல்லோரும் படித்து, வெட்டச் சொல்வதை வெட்டியபிறகுதான் பேராசிரியருக்குப் போகும். ஒப்புதல் தாளில் கையெழுத்தை மட்டும் நானாகக் கேட்க மாட்டேன். நீங்களாகத் தரும்வரை நான் துணி மடிக்கிறவள்தான்.

உங்கள் நாத்தனார்